மாலைக்குப் போன பூக்கள்

மொட்டைக் குன்று ஒன்றைக் காப்பாற்ற விலங்குகள் சங்கம் வைத்திருந்தன. தலைவர் மயில். விழாக்களில் பேசுவதைத் தவிர அதற்கு வேறு அலுவல் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே பயிற்சிக்கு வந்த சாணவண்டோ, விதை கலந்த சாணத்தை உருட்டி உருட்டிப் பாறை இடுக்குகளில் புதைத்து, கிழக்குச் சரிவு முழுக்க ஆவாரஞ்செடி முளைக்க வைத்துவிட்டது. அவை முதன்முதலாகப் பூத்த வாரம், மயில் பாராட்டு விழா அறிவித்தது.

விழாவன்று தோகையை விரித்துக்கொண்டு, தனக்கே பாரமான மாலையொன்றை மயில் வண்டுக்குப் போட்டது. வண்டு அதற்குள் காணாமல் போயிற்று. கூட்டம் கைதட்டியது.

“ஐயா, இவ்வளவு ஆவாரம்பூ ஏதுங்க?” என்று மாலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எல்லாம் உன் செடியில பறிச்சதுதான், கண்ணு. உன் மாலைக்கு வேற எங்கே போவோம்?” என்றது மயில்.

“கொஞ்சம் விட்டு வச்சீங்களா?”

“உனக்குப் போய்க் கஞ்சத்தனமா?” என்றது செயலாளர் குரங்கு. “ஒரு மொட்டுகூட விடலையே!”

பூக்களை விலக்கிக்கொண்டு வண்டின் தலை வெளியே வந்தது. பிறகு வண்டு, மயிலுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: “இதெல்லாம் காய்ச்சதும் மேற்குச் சரிவுக்கு விதை எடுக்கலாம்னு இருந்தேன். பரவாயில்லைங்க ஐயா, அடுத்த வருஷம் பயிற்சிக்கு வர்றவங்க பார்த்துக்குவாங்க.”

மயிலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. யார் கண்ணிலும் படாமல் தோகையை மடக்கிக்கொள்ளப் பார்த்தது. தோகை அசைந்ததுமே, தலைவர் ஆடப்போகிறார் என்று கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.