பச்சைத் தூள்

நுணுக்குக்காட்டியின் வெளிச்சத்தில் பச்சைத் தூள் மிதக்கிறது. கஜந்தினி கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். உருண்டை உருண்டையாக நிற்கவேண்டிய உயிர்க்கலங்கள் அவை. வைரஸை அண்டவிடாத புரதம் ஊறுகிற அந்திமந்தாரை இலையிலிருந்து, அந்தக் குணத்தை மிளகாய்க்கு ஏற்றவென்று, கலச்சுவரை மட்டும் கரைத்து, காலையிலிருந்து பிரித்தெடுத்தவை. சுவரில்லாத கலத்தை இனிப்புக் கரைசலில்தான் கழுவவேண்டும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட அவசரத்தில் பக்கத்துப் போத்தலை எடுத்துவிட்டாள். வெறும் தண்ணீர். அதைக் குடித்து வீங்கி, ஒன்றுவிடாமல் வெடித்துவிட்டன. இலைகளைத் தந்த பொன்னம்பலம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வருகிறார். உரும்பிராயில் அவருடைய மிளகாய்த் தோட்டம் முழுக்க வைரஸ் தாக்கி இலை சுருண்டு கிடக்கிறது. குனிந்து, ஒரு கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்.

"உதுதானே பிள்ளை, நீங்கள் சொன்ன உயிர்?"

அவளுக்குக் காது மடல் சுடுகிறது.

"ஓம் ஐயா."

"நல்ல வடிவாய்க் கிடக்கு." துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை நீட்டுகிறார். "ஒரு படம் எடுத்துத் தாங்கோ. உதை நம்பித்தான் அடுத்த போகமும் மிளகாய் நடப்போறன் எண்டு மருதனார்மடச் சந்தையிலை காட்டோணும்."

அவள் ஈரக் கையை அங்கியில் துடைத்துவிட்டு வாங்குகிறாள். கைபேசியை வில்லையோடு ஒட்டிப் பிடிக்கிறாள். படம் மங்கலாக விழுகிறது.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்கிறாள். வெடித்த தூள் துலக்கமாகத் தெரியும்வரை, குமிழை மெல்ல மெல்லத் திருகுகிறாள்.