இடப்பக்கம் சாயும் படம்

“மூணே நிமிஷம் சார். என் கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டுங்க. இங்கயே கையெழுத்துப் போட்டுடலாம்.”

சென்னைப் பாட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த தேவயானி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விஷ்ணுவர்தன் செல்போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே மணி பார்த்தான்.

ஆந்திராப் பக்கத்துப் புத்தூர் கடைத்தெரு காலை ஒன்பது மணிக்கே ஜேஜே என்றிருந்தது. கையோ காலோ ஒடிந்து கட்டுப் போட வந்தவர்கள் ஒரு பக்கம், காய்கறி வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம். பத்தே முக்காலுக்கு தேவயானிக்குச் சென்னை ரயில். அதற்குள் அவன் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

நிரூபிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவன் பெயரில் வந்த நாலு பாட்டு வீடியோக்களையும் லட்சக்கணக்கான பேர் பார்த்தாயிற்று. நடிகர் கிடையாது, செட்டு கிடையாது, ஒரு செல்போன்தான். சந்தை, பஸ் ஸ்டாண்டு, பூக்கடை, அங்கே நடமாடும் சனங்கள், பின்னால் பாட்டு. ஆனால் படம் முழுக்க இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பதுபோல லேசாக ஆடும். இன்னொரு விசேஷம், படத்தில் ஒருத்தர்கூட கேமராவைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘விஷ்ணு சாய்வு’ என்று ரசிகர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

எங்கிருந்து பிடித்தீர்கள் இந்தப் பாணியை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன் ஒரே கதையைத்தான் சொல்வான். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்தது, இதே புத்தூரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள், அந்தச் சமயத்தில் எடுத்த படம் சாய்ந்துபோனது, அதுவே எல்லாருக்கும் பிடித்துப்போனது. கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு ஆகா என்பார்கள்.

சாயந்திரத்துக்குள் எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்று தேவயானியிடம் சொல்லிப் பார்த்தான். பழைய கட்டுப் போட்ட கை இன்று வலிக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தான். அவள் மசியவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டரே எல்லாத்தையும் செஞ்சு குடுத்துடுது. எங்க முதலாளி ஒருதடவை ஏமாந்துட்டார். அதான் நேர்ல பாத்துட்டு வரச் சொன்னார். ஆறு பாட்டு சார், சும்மாவா?”

ஆறு பாட்டு. கிடைத்தால் அவன் டைரக்டர். கிடைக்காவிட்டால் மறுபடியும் சித்தூர் கல்யாண மண்டபங்களில் மேடை ஓரம் நின்று, மாலையும் கழுத்துமாக இருப்பவர்களை “இங்க பாருங்க, சிரிங்க” என்று கெஞ்ச வேண்டியதுதான். எட்டு வருஷம் செய்த வேலை. நினைத்தாலே கசந்தது.

டீக்கடை பெஞ்சில் அவன் மனைவி கன்னிகா உட்கார்ந்து, ஒன்றரை வயதுப் பெண்ணுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் எங்கே போனாலும் மூன்று பேருமாகப் போவதுதான் வழக்கம். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை உயர்த்தினான்.

தக்காளிக் கடைக்காரர் முதல் ஆளாகத் தலையைக் கோதிக்கொண்டு, “ஏ டீவீ அன்னா?” என்று, எந்த டிவி என்பதைத் தெலுங்கில் விசாரித்தார். கீரை விற்ற அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “எதுக்குப்பா எங்கள எடுத்துக்கினு கீற?” என்று சண்டைக்கும் வந்தாள். தோளிலிருந்து தொட்டில்போலத் துணி கட்டித் தொங்கவிட்ட கையோடு போன பெரியவர் ஒருவர் நின்று, போனையே முறைத்தார்.

விஷ்ணு போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தான். தேவயானி வாங்கிப் பார்த்தாள்.

“சாஞ்சிருக்கு சார். ஆனா நீங்க சாய்ச்சதுன்னு தெரியுது.”

அடுத்த தடவை உடம்பை ஆட்டி ஆட்டி நடந்தான். ஊஞ்சல் மாதிரி இல்லை, ஆட்டோ மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றாவது தடவை சட்டை நனைந்துவிட்டது, கடைத்தெருவில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு அவனையே வேடிக்கை பார்த்தார்கள். மணி பத்து ஆயிற்று. தேவயானி ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“முதலாளிகிட்ட நான் பொய் சொல்ல முடியாது சார். மன்னிச்சிடுங்க.”

கன்னிகா எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். “வாங்க, ஊட்டுக்குப் போலாம். கல்யாண ஆர்டரு ஒண்ணு கீது இல்ல, அத்தப் பாத்துக்கலாம்” என்றாள் மெதுவாக. அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தேவயானி ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டாள். விஷ்ணு ஓடிப்போய் மறித்தான்.

“மேடம், இன்னும் ஒரே தடவ. பாத்துட்டு, அந்தப் பேப்பர்ல எந்தப் பேர எழுதணுமோ எழுதிக்கோங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, போனைக் கன்னிகாவின் வலது கையில் வைத்தான்.

அவள் அந்த நாலு வீடியோ எடுத்தபோது செய்ததுபோலவே குழந்தையைத் தூக்கி இடது இடுப்பில் வைத்து, அதன் பாரத்துக்கு உடம்பைச் சாய்த்து, அது சிணுங்காமல் இருக்க மெல்ல ஆட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தாள். பிள்ளைக்காரி ஒருத்தி கையில் போனோடு போவதைத் தக்காளிக் கடைக்காரரும் பார்க்கவில்லை, கீரைக்கார அம்மாளும் பார்க்கவில்லை.