பொருந்தாத முன்பாதி

"சுவர் என்ன, குறுக்கே ஓடி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு டெஸ்மண்ட் தானே சிரித்தார்.

ஸ்லாவெக் சிரிக்கவில்லை. அவன் வலது கை கழுத்திலிருந்து கட்டுத்துணியில் தொங்கியது. இடது கையில் தேநீர்க் கோப்பை. அதில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி இவோனா.

ஆங்கிலேய ஊரான ஸ்பால்டிங்கில் அடிபட்ட கார்களைப் பிரித்து விற்பவர் டெஸ்மண்ட். தேவாலயச் சுவரில் மோதிய காரின் கதை அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

"தோள் எலும்பா?"

"ஆமா சார். சீட் பெல்ட் அழுத்தி முறிஞ்சிடுச்சு."

"வலது தோள்தான் முறியும். டிரைவர் சீட்டு வலது பக்கமாச்சே, பெல்ட் அந்தத் தோள் மேலதானே வரும். பெல்ட் உயிரைக் காப்பாத்திட்டு, வாடகையா ஒரு எலும்பை எடுத்துக்கும்."

தரையில் கிடந்த முன்பாதியைக் காலால் தட்டினார். இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் இரும்புச் சுவரோடு சேர்த்து, ஒரு காரிலிருந்து முழுசாக அறுத்தெடுத்தது. "நீ கேட்ட அதே மாடல், அதே வருஷம். ஆனா இதை ஒட்ட வைக்கிற செலவுல வேற காரே வாங்கலாமே தம்பி."

"இவ அப்பா குடுத்த கார் சார். போலந்துலேர்ந்து கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்தோம். தூக்கிப் போட மனசு வரல."

ஸ்லாவெக் கொஞ்சம் தயங்கினான். "கேட்ல போர்டு பார்த்தேன். வேன் ஓட்ட ஆள் வேணும்னு..."

"யாருக்கு, உனக்கா?" டெஸ்மண்ட் மறுபடி சிரித்தார். "சுவர்ல இடிச்சதாலதானே ஸ்கூல் பஸ் வேலை போச்சு? அவங்க பிள்ளைங்களை உன்னை நம்பி ஏத்தலை. நான் மட்டும் சரக்கை நம்பி ஏத்தணுமா?"

"அது வந்து... அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள் இவோனா.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்," என்று ஸ்லாவெக் குறுக்கிட்டான். "கவனம் தப்பிடுச்சு. தப்பு என்னோடது."

"பேசாம இனிமே ஸ்டீயரிங்கைப் பொண்டாட்டிகிட்டக் குடுத்துட்டு நீ பக்கத்துல உக்காரு."

இவோனாவின் முகம் சிவந்தது. சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"சரி, சேசிஸ் நம்பரைச் சொல்லு. அதைப் பார்க்காம நான் முன்பாதி விக்கறதில்ல. வெளியில எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். வெல்டிங் வைக்கிறப்பதான் குணம் தெரியும்."

இவோனா போனில் இருந்த படத்தைப் பார்த்து எண்ணை வாசித்தாள். டெஸ்மண்ட் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார்.

"இது பொருந்தாதே!"

"அதே மாடல்தானே சார்?"

"மாடல் அதேதான். ஆனா உன்னோடது போலந்து வண்டி. டிரைவர் சீட்டு இடது பக்கம். ஸ்டீயரிங் தண்டு போற ஓட்டை இந்த இரும்புச் சுவர்ல வலது பக்கம்ல இருக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கட்டுப் போட்டிருந்த வலது தோளைப் பார்த்தார். பிறகு இவோனாவைப் பார்த்தார். அவள் தலை நிமிரவே இல்லை.

"விட்டுடுங்க சார்," என்றான் ஸ்லாவெக், மெதுவாக.

டெஸ்மண்ட் காதைச் சொறிந்துகொண்டார். உள்ளே போனவர் ஒரு சாவியோடு வந்தார்.

"இடது பக்க ஸ்டீயரிங் முன்பாதி ஒண்ணு எங்கேயாவது தேடித் தரேன். தோள் ஆறினதும் வேனை எடுத்துக்கோ தம்பி. வேலை உனக்குத்தான். இந்தா, சாவியை இப்பவே வெச்சுக்கோ."

கணவனின் ஒரு கை கட்டுக்குள், மறு கையில் கோப்பை. இவோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்காகத் தன் கையை நீட்டினாள்.

டெஸ்மண்ட் சட்டென்று சாவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உன் கையில மட்டும் தரமாட்டேன்மா. ஒரு சுவர் போதும்!"