துப்பிய லேகியம்

ஜவுளி வியாபாரி ஜாபர், சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு எடப்பாடி நாட்டு மருந்துக்கடைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஏனுங்க, வைத்தியர் சொன்னாருன்னு நேத்து இங்க வாங்கின லேகியத்தை என் மக தஸ்லீம் துப்பிட்டாளுங்க. ‘வேண்டாம்’னு ஊடே அதிரக் கத்தறா!”

கடைக்காரர் செங்கோடனின் முகம் சுருங்கியது. “கசப்புங்க. தேன்ல குழைச்சு வேற மருந்து தாரேன்.”

“இனி எந்த மருந்தும் வேண்டாமுங்க.”

“சின்னப் புள்ள பேச்சைக் கேட்டு வைத்தியத்தை நிறுத்துவாங்களா? அப்படி எதுக்குங்க அந்த மருந்து?”

“பேச்சு வரத்தானுங்க!” ஜாபர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏழு வருசமா யார் மூஞ்சியையும் பாக்காம, ஒரு வார்த்தை பேசாம இருந்தவ, இன்னைக்கு என்னை நேராப் பாத்து ‘வேண்டாம்’னு சொன்னாளுங்க. அந்த முதல் பேச்சையே நான் தட்டலாமுங்களா?”