புலி சார் வாசித்த தாள்

“இன்னைக்கு அந்தப் புலியை எலியாக்கி, என் ஊசிநூல் டப்பாவுக்குள்ள அடைச்சுக் கொண்டு வரேனா இல்லையா பாருங்க!” தெரு முழுக்கக் கேட்கச் சவால் விட்டுவிட்டுத்தான் தையல்காரி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

யாரும் நம்பவில்லை. பிள்ளைகள் புலி சார் என்று பட்டம் வைத்திருந்த அந்த வகுப்பாசிரியர் தொண்டையைச் செருமினால் மூன்று தெரு தள்ளிப் போகிற பேருந்தே நின்றுவிடும்.

அவளுடைய மகள் நான்காம் வகுப்பு. வாசிக்கும்போது எழுத்தெல்லாம் இடம் மாறுகிறது என்று அழுத குழந்தையை, “நடிக்கிறியா மக்கு?” என்று ஒரு வாரமாகப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருந்தார். அவளைக் கீழ் வகுப்புக்கு இறக்கும் கடிதம் அவர் சட்டைப் பையில் தயாராக இருந்தது. இன்றைய பெற்றோர் கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“அவர் மட்டும் என்னத்த வாசிச்சுக் கிழிச்சாராம்?” கூட்டத்துக்கு வந்திருந்த வாசிப்புப் பயிற்சியாளரிடம் தையல்காரி பொரிந்து தள்ளினாள். “பாடமெல்லாம் மனப்பாடம்னு புத்தகத்தைத் தொடவே மாட்டாரு. லீடர் பொண்ணு வாசிக்கணும், இவர் ஜன்னலோரமா நின்னு காத்து வாங்கணும்!”

பயிற்சியாளர் சிரித்தபடி ஒரு தாள் கட்டை எடுத்தார். அவற்றில் எழுத்துகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருந்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் பாட்டைப் பெரியவர்களும் ஒருமுறை பட்டுப் பார்க்கட்டுமே என்று.

“நான் குடுக்கறேன் மேடம்!” கட்டைப் பிடுங்காத குறைதான். மேலே இருந்த தாளைக் கொண்டுபோய்ப் புலி சார் கையில் திணித்தாள்.

“சத்தமா வாசிங்க சார். எல்லாரும் கேட்கட்டும்.”

“எழுத்தாவது, இடம் மாறுறதாவது! படிக்காம இருக்க ஒரு சாக்கு!” உறுமிக்கொண்டே எழுந்தார்.

முதல் வரியில் மூன்று முறை இடறினார். இரண்டாம் வரியில் விரலை வைத்துத் தேடினார். மூன்றாம் வரிக்குள் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறியிருக்கும்.

“என்ன சார், நடிக்கிறீங்களா? ஏறுங்க பெஞ்சு மேல!”

ஐந்நூறு பேர் சிரித்தார்கள். சரி, ஐம்பது பேர். தையல்காரிக்கு ஐயாயிரம் பேர் சிரித்த மாதிரி இனித்தது.

பயிற்சியாளர் மட்டும் மேசையைத் துழாவிக்கொண்டிருந்தார். “ஏம்மா, கட்டுக்கு மேல கலைக்காத தாள் ஒண்ணு மாதிரிக்கு வச்சிருந்தேனே, பாத்தீங்களா?”

தையல்காரி புலி சார் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கான எளிய கதை. ஒவ்வொரு எழுத்தும் அணிவகுப்பு மாதிரி அதனதன் இடத்தில் நின்றது.

அவள் சிரிப்பு பாதியில் அறுந்தது. புலி சார் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“எனக்குச் சின்ன வயசுலேருந்தே இடம் மாறுதும்மா.”