அனீஸா வாங்கிய மாவு

பண்ருட்டியில் வீணாகத் தூக்கியெறியும் பலாக்கொட்டைகளை வாங்கி, மாவாக்கி விற்றுவந்தாள் குணவதி. விளம்பரத்துக்குக் கையில் காசில்லை. அதனால் புதிதாக வந்த ஓர் இலவசச் செயலிக்குத் தன் குரலைக் கொடுத்தாள். அவள் போனில் இருந்த முந்நூறு பேரையும் அது அவள் குரலிலேயே அழைத்தது. நலம் விசாரித்தது. நடுவில் மாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தது. யாரிடம் என்ன பேசியது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. மூன்றே மாதத்தில் ஆர்டர்கள் குவிந்தன.

அதிலும் கடலூரில் இருந்த கல்லூரித் தோழி அனீஸா வாரம் தவறாமல் நாலு கிலோ வாங்கினாள். அவள் மூலம் கடலூர்க் கடைகளிலும் மாவை நுழைத்துவிடலாம் என்று குணவதி நேரிலேயே கிளம்பிப் போனாள்.

கதவைத் திறந்ததும் அனீஸா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூடத்து மூலையில் மாவுப் பாக்கெட்டுகள் பிரிக்காமலே அடுக்கிக் கிடந்தன.

"அவரு மவுத்தானதுக்கப்புறம் தினமும் கூப்பிட்டுப் பேசுனது நீ ஒருத்திதான்டீ. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் மாவு வாங்குனேன்."

அனீஸாவின் கணவர் ரபீக் இறந்ததே குணவதிக்கு அப்போதுதான் தெரியும். கடைகளைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

"அது நான் இல்லடீ. என் குரல்ல செயலி பேசியிருக்கு. எனக்கு எதுவுமே தெரியாது," என்றாள். "மொதல்லேருந்து சொல்லு. நான் கேக்குறேன்."

அனீஸா மூலையில் கிடந்த பாக்கெட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாயை விரித்து எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் காலையில அவரு ரெண்டாவது டீ கேட்டாரு," என்று தொடங்கினாள்.