நோன்புக்கு வைத்த ஐஸ்

அஸர் தொழுகை முடிந்தும் கற்பிட்டி வெயில் மீன்தொட்டியின் கண்ணாடியை விட்டு இறங்கவில்லை. கரண்ட் போய் ஒரு மணித்தியாலமாகிறது. தண்ணீரை ஓடவைக்கும் மோட்டார் வாயடைத்துக் கிடக்கிறது. மலையோடைக் குளிரில் வளர்ந்த, விரல்நீள உழுவை மீன்கள் ஐந்தும் மேலே ஏறி, வயிற்று உறிஞ்சியால் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு வேகமாய் வாயசைக்கின்றன. அத்தாஉல்லா ஓலை விசிறியால் தண்ணீருக்கு வீசுகிறார். அவருடைய உதடுகள் காய்ந்து வெடித்திருக்கின்றன. மனைவி பஸீஹா உறைந்த தண்ணீர்ப் போத்தலொன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குள் மெல்ல இறக்குகிறாள். “நோன்பு தொறக்க சர்பத்துக்கு வெச்ச ஐஸல்லவா அது?” என்கிறார். “அதுகள் நோன்பு புடிக்கல்லயே” என்கிறாள் அவள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. ஓர் உழுவை கண்ணாடியை விட்டு நீந்திவந்து, குளிர்ந்த போத்தலில் வயிற்றை ஒட்டிக்கொள்கிறது. அத்தாஉல்லா அதைப் பார்த்தபடியே எச்சிலை விழுங்குகிறார்.